ஈச் அதரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்

வத்தக்குழம்பு சாதத்தில் கையை வைத்தபடியே அனந்தகிருஷ்ணன் ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த வீட்டில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே எழக்கூடாது!

வீடு துபாயில், தேராவில், ஒரு மசாலாக் கடையின் மேல்மாடியில். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே இருவரும் தும்முவார்கள். தம்பதி சமேதராகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

அனந்தகிருஷ்ணன் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் லெட்டர் எழுதுகிற ஹெட் கிளார்க். காலை எட்டிலிருந்து ஒன்று வரை டியூட்டி. மறுபடி நாலிலிருந்து எட்டு. நடுவே சுடச்சுடச் சாப்பாடு, அப்புறம் குறட்டை. கடல் தாண்டி வந்ததே இந்த இரண்டுக்கும்தான் என்பது போல நடந்துகொள்வார். இன்னொரு வியாதியும் உண்டு. மளிகைச் சீட்டானாலும் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பையிலிருக்கும் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினால்தான் அவருக்கு நிம்மதி.

மனைவி நளினி கான்வென்ட்டில் படித்தவள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் கிரீக் என்கிற உப்பங்கழிக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை தயார். தலைமை ஆசிரியை மெஹர்பானு எல்லாம் பேசி முடித்துவிட்டார். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. நளினி வந்திருப்பது கணவர் விசாவில். எனவே 'மனைவி வேலைக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை' என்று கணவர் எழுதித் தரவேண்டும். பதினோரு தடவை கேட்டுவிட்டாள். பதினோரு தடவையும் அவருக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது.

இன்றைக்கு வில்லங்கம் வேறு வழியாக வந்தது. முதலாளிகளின் விருந்துக்காக அவர் எழுதி வைத்திருந்த வாழ்த்துரையை நளினி கையில் எடுத்தாள்.

"என்னங்க இது? மூணு பார்ட்னர்களும் 'ஈச் அதர்' மேல நம்பிக்கை வெச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க?"

"ஏன், வைக்கலையா?"

"வெச்சிட்டுப் போகட்டும். ரெண்டு பேர்னாதான் ஈச் அதர். மூணு பேர்னா ஒன் அனதர். சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது."

"பத்தொன்பது வருஷமா இங்கிலீஷ்ல லெட்டர் எழுதறவன் நான்!"

"அதான் தப்புகூட நல்லா ஊறியிருக்கு."

அவர் காது சிவந்தது. தமிழில் ஒருவரையொருவர் என்றால் தீர்ந்தது. ரெண்டு பேரானாலும் சரி, ரெண்டாயிரம் பேரானாலும் சரி. இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன கேடு?

"பந்தயம்!" என்று எச்சில் கையோடு எழுந்தார். "உன் மெஹர்பானுகிட்டயே கேட்போம். என் இங்கிலீஷ்ல தப்பு இருந்தா நீ கேட்ட லெட்டரை எழுதித் தரேன். இல்லேன்னா இந்த ஜென்மத்துல ஸ்கூல் பேச்சை எடுக்கக்கூடாது!"

"சரி. ஈச் அதர் வெச்சுப் புதுசா நீங்களே எழுதிக் கொடுங்க. நான் எழுதினா அழுகுணி ஆட்டம்னு சொல்வீங்க."

அவள் இத்தனை சீக்கிரம் எதற்கும் தலையாட்டியதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்தது. எழுதப்போவது தானாயிற்றே! மூன்று பேரை வைத்து எழுதுவானேன்? இரண்டே பேரை வைத்து எழுதினால் ஈச் அதர் நூற்றுக்கு நூறு சரி. தூக்கத்தைக்கூட மறந்து பேனாவைத் திறந்தார்.

"இந்தா! 'நானும் என் மனைவி நளினியும் ஈச் அதரை மதிக்கிறோம்.' எப்படி?"

"மதிக்கிறீங்களா? சரி, இருக்கட்டும். ஆனா ஒரே வரின்னா, குருட்டாம்போக்குல எழுதிட்டார்னு சொல்லிடுவாங்களே?"

"அப்படியா! 'ஈச் அதருக்கு உதவியாக இருக்கிறோம்.'"

"இது ரெண்டாங்கிளாஸ் பையன் எழுதுவான். உங்க ஆபீஸ் இங்கிலீஷ் எங்க போச்சு? நீங்க தினம் வேலைக்குப் போறீங்க. நான் என்னிக்காவது ஆட்சேபணை சொன்னேனா? அதை எழுதுங்களேன்."

"மக்கு! அது ஒரு பக்கம்தானே ஆச்சு? ஈச் அதர்னா ரெண்டு பக்கமும் வரணும். எந்தக் கான்வென்ட்டுடி உன்னுது? பாத்துக்கோ!" பேனா பறந்தது. "'ஈச் அதர் வேலைக்குச் செல்வதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் கிடையாது!'"

"அடேயப்பா!" என்று நளினி கன்னத்தில் கை வைத்தாள். "அப்படியே எடுத்துட்டுப் போகட்டுமா?"

"மொட்டைக் கடுதாசியா? நானா?" மேலே மெஹர்பானுவின் பெயர், பள்ளியின் விலாசம், மரியாதைக்குரிய அம்மையீர். கீழே தேதி, கையெழுத்து. கடைசியாக ரப்பர் ஸ்டாம்ப். ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை அந்தத் தாளோடு நளினி படகில் அக்கரைக்குப் போனாள். மத்தியானம் அனந்தகிருஷ்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்.

"தீர்ப்பு என்ன?"

"நீங்கதான் ஜெயிச்சீங்க. ஒரு தப்புகூட இல்லையாம்."

குதித்தார். கீழே கடைக்காரர் முகம்மது சித்தீக், கூரையே இடிந்துவிட்டதோ என்று வெளியே ஓடிவந்து பார்த்தார்.

"இனிமே ஸ்கூல் பேச்சு?"

"எடுக்கவே மாட்டேன். மூணு பேர் விஷயத்தையும் கேட்டேங்க. இப்பல்லாம் எதை எழுதினாலும் சரிதானாம்."

"பாத்தியா!" என்று உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்தார். "அந்த லெட்டரைக் கொண்டா, ஃபிரேம் போட்டு மாட்டணும்."

"அதை மேடம் ஃபைல்ல வெச்சுட்டாங்க. மத்த டீச்சருங்க வீட்டுக்காரரெல்லாம் ரெண்டு வரி கிறுக்கி அனுப்புவாங்களாம். ரெண்டு ஸ்டாம்போட வந்தது இதுதானாம். ஒரே பாராட்டு!"

வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. "எந்த ஃபைல்?"

"என் ஃபைல்தான். சனிக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. ரசம் விடட்டுமா?"

சனிக்கிழமை அனந்தகிருஷ்ணனுக்கு ஆபீஸில் எதுவுமே ஓடவில்லை. ஸ்டாம்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மணிக்கு வீட்டுப் பூட்டைத் தாமே திறந்தார். மேஜை மேல் ஆறிப்போன சாதம். பக்கத்தில் ஒரு சீட்டு.

'குழம்பு ஸ்டவ் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளவும்.'

கீழே தேதி, கையெழுத்து. அதற்கும் கீழே, அவருடைய ரப்பர் ஸ்டாம்ப்.