ரேடான் புகாத வீடு

1991 தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, தெருவில் சிதறிய தேங்காய்களை ஆட்கள் இன்னும் அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், நவமணி ஒரு துணிப்பையையும் மூச்சிழுப்பு மருந்தையும் எடுத்துக்கொண்டு, குடிபுகுந்து நான்கு மாதமே ஆன புது வீட்டை விட்டு, கெப்பாலா பத்தாஸில் இருக்கும் தங்கை மீனாட்சி வீட்டுக்குக் கிளம்பினார். கணவர் கார்த்திகேசு அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. அமெரிக்கா போய்வந்தவர். அவ்வளவுதான்.

"ஜன்னல் தொறக்கிற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றார் நவமணி.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். வெளிநாடு போய்வருகிறவர்களில் சாக்லெட் கொண்டுவருபவர் உண்டு. சளி கொண்டுவருபவர் உண்டு. இவர் கொண்டுவருவது ஆபத்து. அந்த ஊர் ஆபத்தைக் கசங்காமல் மடித்துப் பெட்டியில் வைத்து, விமான நிலையத்தில் யாரும் சோதிக்காமல் வெளியே எடுத்துவந்து, உள்ளூரில் அதற்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்கும்வரை இவருக்குச் சோறு இறங்காது.

அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற கார்த்திகேசு, பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் மகனிடம் மூன்று மாதம் இருந்தார். குளிர்காலம். நாட்டை முழுக்கக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே பார்த்தார். திரும்பும்போது பதினாறு பக்கக் கையேடு ஒன்று கூடவே வந்தது. பிறகு மார்க்கெட் ஸ்திரீட்டில் பருப்பு வாங்கப் போனாலும் கடைத் தரையைக் காலால் தட்டிக் கேட்பார்.

"மீரான், இதுக்குக் கீழ என்னா இருக்கு தெரியுமா?"

"ஒண்ணும் இல்லண்ணே. மூட்டையெல்லாம் மேலதான்."

"ரேடான்!" என்று சொல்லி நிறுத்துவார். அந்த நிறுத்தம் முக்கியம். "நெறம் கெடையாது, வாசன கெடையாது, ருசி கெடையாது."

"பக்கத்துக் கட காப்பி மாதிரின்னு சொல்லுங்க" என்பார் கடைக்காரர் நாகூர் மீரான்.

மலைக்கல்லிலிருந்து அந்த வாயு கிளம்புவதும், தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறுவதும், அடைபட்டால் நுரையீரலைக் கெடுப்பதும் உண்மைதான். இந்த இனத்தின் தொல்லையே அதுதான். சொல்வது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாமே!

தண்ணீர்மலை அடிவாரத்தில் அவருடைய புது வீடு எழுந்தது. கொத்தனார் சின்னையா ரேடான் புகாத வீடு கட்டச் சொன்ன அந்தக் கையேட்டின்படியே ஜல்லி பரப்பி, மேலே பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு, ஜல்லிக்குள் சேரும் வாயு ஆகாயத்துக்குப் போக ஒரு குழாயைக் கூரைக்கு மேல் வரை ஏற்றினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கார்த்திகேசு ஒன்பதாம் பக்கத்துப் படத்துக்கு வந்துசேர்ந்தார்.

"படத்துல ஜன்னல் மூடியிருக்கு பாரு. நமக்கும் தொறக்காத கண்ணாடிதான்."

"அண்ணே, அங்க ஐஸ் கொட்டுதுலா. இங்க மூடுனா வெந்துருவோம்."

"சின்னையா, நீ அமெரிக்கா போயிருக்கியா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் உண்டா? கண்ணாடிகள் அசையாமல் பதிந்தன. ஜன்னலுக்கு மேல் எல்லா வீட்டிலும் இருக்கும் காற்றுத் துளைகள் இந்த வீட்டில் மட்டும் இல்லாமல் போயின.

புதுமனை புகுவிழாவுக்கு வந்த சித்தி ஹாஜரா என்ற அடுத்த வீட்டுப் பெண்மணி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கொழாய்ல என்னா வருது?"

"வெஷ வாயு."

"எங்க போவுது?"

கார்த்திகேசு வானத்தைக் காட்டினார். அந்தத் திசையில் சித்தி ஹாஜராவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப எங்க வூட்டுக்குத்தானே வருது?"

வெளிக்காற்றில் அது கரைந்து போய்விடும் என்று பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால் குடியிருந்த இடத்திலெல்லாம் அண்டை வீட்டாரோடு முப்பது வருஷமாக மனஸ்தாபம் இல்லாத மனிதர், துணி காய்கிற இடத்தில் போய்ப் பதினொன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டுவாரா? அந்த வாரமே ஏணி போட்டு ஏறி, குழாயின் வாயைத் தம் கையாலேயே சிமெண்டு வைத்து அடைத்தார். சித்தி ஹாஜரா நன்றி சொல்லி ஒரு தட்டு குவே பலகாரம் அனுப்பினார்.

கீழே வாயுவுக்கு வழியில்லை, மேலே காற்றுக்கு வழியில்லை, நடுவில் நவமணி. சின்ன வயதில் போன இழுப்பு மூன்றாம் மாதம் திரும்பி வந்தது.

"வாசக் கதவையாச்சும் கொஞ்சம் தொறந்து வைங்களேன்."

"ரேடான் வந்துரும்."

"நீங்க இருக்கீங்க, ரேடான் இருக்கு. எனக்குத்தான் எடம் இல்ல" என்றவர்தான் மறுநாள் பஸ் ஏறினார்.

மனைவி போனால் மற்றவர்கள் கூப்பிடப் போவார்கள். இந்த இனம் நிரூபிக்கப் போகும். மகனிடம் சொல்லி, வாயுவை அளக்கும் சிறு டப்பாக்கள் இரண்டு வரவழைத்தார். ஒன்று தம் கூடத்தில். மற்றது, நான்கு பக்கமும் காற்று அடிக்கும் மீனாட்சியின் பலகை வீட்டில். மூன்று மாதம் தொங்கவிட்டு, இரண்டையும் அமெரிக்காவுக்கே தபாலில் அனுப்பினார்.

பதில் வர டிசம்பர் ஆனது. நவமணிக்குப் போன் வந்தது.

"ரிசல்ட்டு வந்துருச்சி! எல்லாரும் சிரிச்சீங்களே. நாலுக்கு மேல போனா ஆபத்து. நமக்கு எவ்வளவு தெரியுமா? பதினொண்ணு!" மகன் பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றுகூட அந்தக் குரலில் இவ்வளவு பூரிப்பு இல்லை.

"இங்க எவ்வளவாம்?"

"அரகூட இல்ல" என்றார், மீனாட்சிக்காகப் பரிதாபப்பட்டு.

"என்னா செய்யணும்னு எழுதியிருக்கான்?"

காகிதம் சரசரத்தது.

"கொழா இருந்தா வாய் தொறந்திருக்கான்னு பாக்கணுமாம். அப்புறம்... சரிபண்ற வரைக்கும் ஜன்னலத் தொறந்து வைக்கணுமாம்."

நவமணி சிரிக்கவில்லை. பதினொரு மாதமாக அவருக்குச் சிரமமில்லாமல் மூச்சு வந்துபோய்க்கொண்டிருந்தது. அதை இழக்க அவர் தயாராக இல்லை.

"சின்னையாவக் கூப்புட்டுக் கண்ணாடியப் பேத்து எடுங்க. அவரு முடிச்சப்புறம் அவரையே எங்கிட்ட போன்ல பேசச் சொல்லுங்க, நான் வரேன். மொதல்ல மீரான் கடைக்குப் போயி பதினொண்ணுன்னு சொல்லிட்டு வராதீங்க."

அந்தப் பக்கம் போனை வைத்தாயிற்று. கார்த்திகேசு ஏற்கெனவே சட்டை மாட்டியிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சின்னையா வேலையை முடித்துப் போன் செய்ய இன்னும் மூன்று வாரம் ஆனது. அதற்குள் கடைத்தெரு முழுக்கப் பதினொன்று தெரிந்துவிட்டது. நீங்கள் கடைசியாக எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள்? அங்கே தெரிந்துகொண்டதை வீட்டில் விளக்கி முடித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது ஒரு நிமிடம் பேசாமல் இருந்து காது கொடுங்கள். பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள்.