டேப்புக்கு அடங்காத பரங்கிக்காய்

அரூரில் நான் குடியிருந்த தெருவில், மனிதர்கள் செத்தால் எட்டிப் பார்க்காதவர்கள்கூட ரீடிங்காரர் வீட்டுப் பரங்கிக்காய் செத்தால் துக்கம் கேட்கப் போவார்கள். போகாவிட்டால் அவரே வீடு தேடி வந்து சொல்லிவிடுவார். அதுவும் விதை ஊன்றிய நாளிலிருந்து ஆரம்பித்துச் சொல்வார். அதற்கு நாமே ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து, அட்டையில் எண் எழுதி, ஓய்வு பெற்றவர். அதனால் ரீடிங்காரர். ஒல்லி உடம்பு. மழமழவென்று சவரம் செய்த முகம். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கண் முதலில் மீட்டர் பெட்டிக்குத்தான் போகும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவருக்கு எதிர் வீட்டில் குடியேறினேன். மறுநாள் காலை வந்தார். வரவேற்பாக்கும் என்று நினைத்தேன். மீட்டரை அண்ணாந்து பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை, யூனிட் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். மூடவில்லைதான்.

இப்படிப்பட்டவரைக் கெடுத்தது ஒரு வீடியோ. எங்கோ வெளிநாட்டில், நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பரங்கிக்காயைக் கிரேன் வைத்துத் தூக்குகிறார்கள். பாஷை புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் அதையே பார்த்தார். எட்டாம் நாள் அந்த ஜாதி விதை ஐந்துக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டார்.

கிரேன் அளவுக்கெல்லாம் அவருக்கு ஆசை கிடையாது. என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"நான் அம்பத்தெட்டு கிலோங்க டீச்சர். என்னவிட ஒரு கிலோ கூட வந்தாப் போதும். அதுக்கு மேல நமக்கு வேணாம்."

எதற்காக அவரைவிட அதிகம் என்று கேட்டேன். ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் தன்னைவிடக் கனமாக ஒன்றை உண்டாக்கிப் பார்த்துவிட வேண்டுமாம். பிள்ளைகளைச் சொல்லலாமே என்றேன். மகன் ஐம்பத்தாறு கிலோ என்றார்.

முதல் போகம் சித்திரையில். அரூர் வெயில் தெரியாத விதை, பாவம், கொடி ஓடின வேகத்தில் சுருண்டு படுத்தது. குடை பிடித்தார். ஈரச்சாக்கு போர்த்தினார். கடைசியில் சமையலறை டேபிள் ஃபேனை எடுத்துக்கொண்டு போய்க் கொடிக்கு முன்னால் வைத்துவிட்டார். தெருவில் ஒரு பல்பு அநாவசியமாக எரிந்தால் பொறுக்காத மனிதர்! அவருடைய மனைவி ராஜாமணி அக்கா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாள் முதல் தான் ஃபேன் போட்டால் நிறுத்துகிற ஆள் இப்போது செடிக்கு மூன்றாம் நம்பர் வைத்திருக்கிறார் என்று சொன்னார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம் இருந்தது.

பூத்தது. அத்தனையும் ஆண் பூ. இருபது நாள் கழித்து ஒரே ஒரு பெண் பூ எட்டிப் பார்த்தது. அன்று விடியற்காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆண் பூ ஒன்றைப் பறித்துக்கொண்டு போய்த் தானே மகரந்தம் தடவி வைத்தார். பிஞ்சு பிடித்து, எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, அழுகி விழுந்தது.

தன் காய்களுக்கென்றே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டைகள் தயாரித்து வைத்திருந்தார். தேதி, சுற்றளவு, கடைசிக் கட்டத்தில் காரணம். அந்தப் பிஞ்சின் அட்டையில் காரணம் என்ற இடத்தில் சிவப்பு மையால் 'அழுகல்' என்று எழுதினார். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் சவரம் செய்துகொண்டு, இரண்டு நாள் சாப்பாட்டையும் ஒரே நாளில் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கடப்பாரையை எடுத்துப் புதுக் குழி தோண்ட ஆரம்பித்தார். தோல்வி வந்தால் இவ்வளவுதான் அவருடைய நடைமுறை. மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் நாள் மட்டும் வீடு அமைதியாக இருக்கும், நன்றாகத் தூங்கலாம் என்பார் ராஜாமணி அக்கா.

இரண்டாம் போகத்துக் காய் இடுப்புயரக் குழந்தை உட்கார்ந்த மாதிரி வந்தது. வைக்கோல் சும்மாடு போட்டு உட்கார வைத்திருந்தார். முனைத் தெருத் தையல்காரர் பாஷா பாயிடம் பழைய டேப் ஒன்று வாங்கி, தினமும் காலை ஆறு மணிக்கு இடுப்பளவு எடுப்பார். அந்தக் கணக்கை என்னிடம் கொண்டு வந்து வரைபடம் போடச் சொல்வார். நானும் போட்டேன். கோடு அழகாக ஏறிக்கொண்டே வந்து, ஒரு நாள் சட்டென்று படுத்துவிட்டது. ஐந்து நாளாக ஒரே அளவு. மீட்டர் ஓடவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே காயைத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

அடியில் துளை போட்டு உள்ளே நுழைந்த பெருச்சாளி, சதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அங்கேயே குடியிருந்தது. ஐந்து நாளாக அவர் அளவெடுத்தது பெருச்சாளியின் வீட்டை. துக்கம் கேட்க வந்த பாஷா பாய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். அட்டையில் காரணம்: 'திருட்டு'. அடுத்து ஒரு நாள் மௌனம், ஒரு நாள் சாப்பாடு, கடப்பாரை.

மூன்றாம் போகத்தில்தான் நான் உள்ளே வருகிறேன்.

இந்த முறை ஐப்பசியில் ஊன்றினார். அடியில் கம்பி வலை, மேலே பாஷா பாய் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணிப் பந்தல். காய் வளர்ந்த வேகம் எனக்கே பயமாக இருந்தது. காலையில் பார்த்ததற்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் ஆறேகால் மணிக்கு என் வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் அடுத்த துக்கம் என்று நினைத்துச் செருப்பை மாட்டினேன்.

"டேப்பு பத்தல டீச்சர்" என்றார், ரகசியம் மாதிரி.

தையல்காரர் டேப் நூற்றைம்பது சென்டிமீட்டர். காய் அதைத் தாண்டிவிட்டது. தெருவே போய்ப் பார்த்தது. பாஷா பாய் இன்னொரு டேப்பைக் கொண்டு வந்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். இவ்வளவு பெரிய இடுப்புக்குத் தன் சர்வீஸில் அளவெடுத்ததில்லை என்றார்.

அப்போது பார்த்து ரீடிங்காரரின் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. சேலத்தில். ராஜாமணி அக்காவும் கூடப் போக வேண்டும். நாலு நாள். கொல்லைச் சாவியை என்னிடம் கொடுத்தார். காலையில் ரெண்டு குடம், வேரில் மட்டும். அதற்கு மேல் செடி கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

முதல் நாள் ரெண்டு குடம் ஊற்றினேன். அன்று சனிக்கிழமை, வீட்டில் இருந்தேன். மத்தியானம் சும்மா எட்டிப் பார்த்தால், இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. வெயில் நேரத்தில் அப்படித்தான் தொங்கும், சாயங்காலம் தானாக நிமிரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பதறிப் போய் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பை வேரில் செருகிவிட்டேன். சாயங்காலம் இலைகள் ஜம்மென்று நின்றன. நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். மறுநாளும் காப்பாற்றினேன்.

திங்கட்கிழமை காலை குடத்தோடு போனேன். காம்பிலிருந்து அடி வரைக்கும், என் கை நுழைகிற அகலத்துக்கு, காய் பிளந்து கிடந்தது. உள்ளே மஞ்சள் சதையும் விதைகளும் தெரிந்தன. குடித்த தண்ணீருக்கு உடம்பு வேகமாக ஊத, தோல் தாங்கவில்லை. குடத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பாஷா பாயைக் கூப்பிட்டு வந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தையல் நிற்காது டீச்சர் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, கடையிலிருந்து ஒரு வேட்டித் துணி கொண்டு வந்து போர்த்தினார். அது இன்னும் மோசமாக, நிஜமான சாவு மாதிரி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. பையைக்கூட வைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை முறைத்தே உட்கார வைக்கிற நான் அன்று பந்தல் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"டேப்ப சுத்துங்க டீச்சர். நான் குனியக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

சுற்றினேன். நூற்று அறுபத்து நாலு. என் கணக்குப்படி அவருடைய எடையை அது தாண்டியிருக்க வேண்டும். சொன்னேன். வெடித்த மீட்டர் ரீடிங் செல்லாது என்றார்.

அவரால் எழுத முடியாததால் அட்டையையும் என் கையிலேயே கொடுத்தார். தேதி எழுதினேன். சுற்றளவு எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மோட்டார், ஓஸ் பைப், சனி, ஞாயிறு, ஒன்றையும் விடவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கே பார்க்கிறார் என்றே தெரியவில்லை.

"மழைன்னு போடுங்க" என்றார்.

மழை பெய்யவில்லையே சார் என்றேன்.

"இது என்னோட அட்டைங்க டீச்சர். நான் சொல்றத எழுதுங்க."

எழுதினேன். வானத்தில் அன்று ஒரு மேகம் கிடையாது.

மறுநாள் முழுக்க வழக்கம் போல மௌனமாக இருந்தார். என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று ராஜாமணி அக்காவிடம் கேட்டேன். காய் போனால் போகட்டும், அந்த டீச்சர் மூஞ்சியைத்தான் பார்க்க முடியவில்லை என்று அக்காவிடம் சொன்னாராம். காயைத் தெரு முழுக்கப் பங்கு போட்டார்கள். ஒரு வாரம் எங்கள் தெருவில் காலையில் பரங்கிக்காய் சாம்பார், மத்தியானம் பரங்கிக்காய்க் கூட்டு, சாயங்காலம் பாஷா பாய் வீட்டு அல்வா. நான் மட்டும் தொடவில்லை. இரண்டாம் நாள் டிபன் பாக்ஸோடு அவரே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். கடைசித் துண்டு வரைக்கும் நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்து போனார். சாப்பிட்டதே அவர்தான் என்பது போல ஒரு ஏப்பம் வேறு.

மூன்றாம் நாள் எதிர்க் கொல்லையில் கடப்பாரைச் சத்தம். குனியக் கூடாதே என்று ஓடினேன். நின்றபடியே தோண்டிக்கொண்டிருந்தார்.

மறுவருஷம், நாலாம் போகத்துக் காய் நூற்று நாற்பது சென்டிமீட்டரில் இருந்தபோது இடது கண்ணுக்குத் தேதி வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் சாவியோடு வாசலில் நிற்கிறார். நாலு நாள், தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டுமாம். நான் கையை நீட்டவே இல்லை. என்னை விட்டுவிடுங்கள், பாயிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பாய்க்கு அனுபவம் இல்லீங்களே" என்றார்.

அந்த நாலு நாளும் நான் தண்ணீர் ஊற்றிய விதத்தில் ஆஸ்பத்திரியில் மருந்துகூட அளந்து கொடுக்க மாட்டார்கள். மத்தியானம் இலை தொங்கும் என்பதால் அந்த நேரத்தில் கொல்லைச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது காய் முழுசாக இருந்தது. நான்தான் இரண்டு கிலோ இளைத்திருந்தேன்.

மாசி மாதம் காயைக் கொடியிலிருந்து அறுத்தோம். ஆறு பேர் தார்பாயில் தூக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, புளி மண்டிக்குக் கொண்டு போனோம். முதலில் மண்டிக்காரர் ரீடிங்காரரை எடை மேடையில் நிற்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு. அவர் இறங்கி, காய் ஏறியது. மேடையின் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன. ராஜாமணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பாஷா பாய் தொப்பியைக் கழற்றித் திரும்ப வைத்துக்கொண்டார்.

எல்லோரும் ரீடிங்காரரையே பார்த்தோம். முப்பது வருஷம் ஊர் எண்களையெல்லாம் படித்த மனிதர், இரண்டு புதுக் கண்களோடு எடை மேடைக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"கண்ண கசக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஒண்ணும் தெரியல. என்ன போட்டிருக்குது, நீங்க படிங்க டீச்சர்."

அறுபத்தொன்று கிலோ, நானூறு கிராம் என்றேன்.

இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னார். படித்தேன்.