ஓணான் பாட்டு

ஆல்பம் வெளியான அன்று காலையிலேயே ஜஜாங் எங்கே ஒளியலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

வார நாட்களில் அவன் பாண்டுங் நகர வட்டார அலுவலகத்தில் அடையாள அட்டைப் பிரிவு எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஏழாம் எரிமலை' ராக் குழுவின் பாடகன். முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு, 'ஓணான்'. முத்திரையை மேசைக்குள் பூட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, "நாளைக்கு வா" என்று ஊரையே அலையவிடும் ஓர் அதிகாரியைப் பற்றியது. அந்த அதிகாரி அவனுடைய மேலாளர் பாக் சோலிஹின். பெயரையும் போட்டுத் தொலைத்திருந்தான். சந்தம் அப்படி அமைந்துவிட்டது.

"ஆபீசுக்கு எதிர்க்கடையில நம்ம கேசட் தொங்குதுடா!" என்று டிரம்ஸ்காரன் ஊகியிடம் புலம்பினான்.

"தொங்கணும்னுதானே போட்டோம்?"

"அவரு அங்கதான்டா சிகரெட் வாங்குவாரு! என் பொண்டாட்டி லிலிஸுக்கு இது ஏழாம் மாசம். வேலை போச்சுன்னா நான் எங்கே போவேன்?"

கடைக்கு ஓடி, இருந்த கேசட்டுகளை எல்லாம் அவனே வாங்கிவிட்டான். மத்தியானத்துக்குள் கடைக்காரர் பலகை எழுதி வைத்தார்: 'ஒரே மணி நேரத்தில் காலி! நாளைக்கு இரு மடங்கு வரும்!'

பதறிப்போய் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டான்.

"மூணாவது பாட்டை மட்டும் போடாதீங்க."

"ஏன் சார்?"

"அது... வேணாம். வம்பு."

சாயங்காலம் அறிவிப்பாளர் குரல் உற்சாகத்தில் துள்ளியது. "மர்ம மனிதர் ஒருவர் தடுக்கப் பார்த்த பாட்டு, நேயர்களே!" மூன்று தடவை போட்டார். மறுநாள் இறைச்சி உருண்டை சூப் விற்கும் தள்ளுவண்டிகளில்கூட ஓணான்தான். 'மலையே வெடித்தது போன்ற குரல்' என்று செய்தித்தாள் புகழ்ந்திருந்தது. ஜஜாங் அதை நாலாக மடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் பாக் சோலிஹின் தாளம் போட்டபடி உள்ளே வந்தார். அவனைக் கண்டதும் நின்றார்.

"நீதானாமே அந்தப் பாட்டுக்காரன்?"

"ஐயா..."

"சாப்பிட்டுட்டு என் ரூமுக்கு வா."

மத்தியானம் பொரித்த டோஃபுவைத் தொடாமலேயே மூடி வைத்தான். ஊகிக்குப் போன் போட்டான்.

"அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ கால்ல விழுந்துடு," என்றான் ஊகி. "நேர்ல நாக்கு குழறும். எழுதிக் குடு."

இரண்டு பக்கம் எழுதினான். பாட்டை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டிருந்தான். 'ஓணான் என்றது தங்களைத்தான். ஆனால் மரியாதையோடுதான் சொன்னேன்.' அதை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவர் அறைக்குள் நாற்காலி ஒன்று உருண்டு விழும் சத்தம் கேட்டது. தேநீர் கொடுக்கும் ஏனோக் அக்கா தட்டோடு வெளியே ஓடிவந்தாள்.

"என்னப்பா எழுதிக் குடுத்தே? மனுஷன் மூஞ்சி மிளகாயா சிவந்து கெடக்கு!"

"பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டேங்க்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, நீ கத்தற கத்தல்ல இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அவரு பேரைத் தவிர ஒரு வார்த்தை புரியல, அது ஏதோ தன்னைப் பத்தின வாழ்த்துப் பாட்டுன்னு நெனச்சு, மக கல்யாணத்துல பாடச் சொல்லத்தானேப்பா உன்னை வரச் சொன்னாரு!"