எங்க வீட்டு கிளாரினெட்டும் எதிர்வீட்டு வாஷிங் மெஷினும்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் வீட்டுக்காரரோட பழைய கிளாரினெட் என்ன விலை போகும்னு கேட்டுக்கினு வரணும்.

அவரு கல்யாண பேண்டு செட்டுல வாசிச்சவரு. முன்பல்லு ரெண்டு விழுந்ததும் வாயில காத்து நிக்கலன்னு விட்டுட்டாரு. இப்ப விழுப்புரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. "வித்துக்கோ, எனக்கெதுக்கு"ன்னு அவரே சொல்லிட்டாரு.

எனக்கு காசு வேண்டியிருந்தது. எதிர்வீட்டு மல்லிகா அக்கா பாண்டிக்கு வீடு மாத்துறாங்க. அவங்க வாஷிங் மெஷின் ஏழாயிரத்துக்கு வருது. துணி பிழிஞ்சு பிழிஞ்சு என் மணிக்கட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்கு.

"சாயங்காலம் வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன். அப்புறம் வேற ஆளு வருது"ன்னாங்க அக்கா.

பரண்ல இருந்து பெட்டிய எறக்கினேன். என் மக போன்ல பாத்துட்டு, "ம்மா, மரத்துல செஞ்சது நாப்பதாயிரம்னு போட்டிருக்கான்"னா.

நாப்பதாயிரம்! அந்த நிமிஷமே எனக்கு பயம் வந்துருச்சு. எவனாவது புடுங்கினு ஓடிட்டா? பெட்டிய உரச் சாக்குல போட்டு, மேல ரெண்டு கட்டு முளைக்கீரைய வெச்சுக்கினு கெளம்பினேன்.

வாத்தியம் விக்கிற கடைக்காரர் கீரைய ஓரமா எடுத்து வெச்சுட்டு பெட்டிய தொறந்தாரு.

"மரம்தான். ஆனா அஞ்சு துண்டு இருக்கணும்மா. நாலுதான் இருக்கு."

"எது இல்ல?"

"அடிப்பாகம். இப்பிடி பூ மாதிரி விரிஞ்சிருக்கும். பெல்லுன்னு சொல்லுவோம்."

அவரு கையால காமிச்ச வடிவத்த பாத்ததும் எனக்கு புரிஞ்சு போச்சு. அது எங்க வீட்டு அடுப்பு பக்கத்துல ஆணியில தொங்குது! பன்னெண்டு வருஷமா வடை சுட்ட எண்ணெய நான் டின்னுல ஊத்துறது அத வெச்சுதான். எனக்கு அது புனல்.

"அது... வீட்டுல இருக்கு சார்."

"எடுத்துக்கினு நேரா திண்டிவனம் போங்க. அங்க ஒரு பேண்டு மாஸ்டர் மர கிளாரினெட்டா தேடிக்கினு இருக்காரு. நான் போன் பண்ணி சொல்லிடுறேன்."

வீட்டுக்கு ஓடி, ஆணியில இருந்து உருவி, பாத்திரம் வெளக்குற தூளப் போட்டு மூணு வாட்டி தேச்சேன். எண்ணெய் போச்சு. வாசன போவல.

பஸ்ல பக்கத்துல உக்காந்த பொம்பள மூக்க உறிஞ்சினா.

"யக்கா, சாக்குல இன்னா, பலகாரமா?"

"இல்ல, வாத்தியம்."

அவ எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா.

திண்டிவனத்துல மாஸ்டர் நீளத் துண்டுங்கள்ல ஒண்ண எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு.

"மேலேர்ந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்கேம்மா! எங்க வெச்சிருந்தீங்க?"

"பரண்ல மாஸ்டர். அடுப்புக்கு நேர் மேல. ஈரம் படக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

"இத்தன வருஷமும் அனல்லயா! மரம் காஞ்சா வெடிக்கும்மா. அப்பப்ப எண்ணெய் காட்டணும். வீட்டுக்காரர் சொல்லலியா?"

"அவரு பல்லு போன வருத்தத்துல இருந்தாரு."

அப்புறம் பெல்ல எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது எப்பிடிம்மா இப்பிடி மின்னுது? ஒரு கீறல் இல்ல!"

"அதுக்கு எண்ணெய் காட்டினோம்."

"எப்பப்ப?"

"செவ்வாய், வெள்ளி. தப்பாம."

"என்ன எண்ணெய்?"

"மல்லாட்டை எண்ணெய். வேர்க்கடலதான்."

மாஸ்டருக்கு கண்ணு கலங்கிருச்சு. உள்ள பாத்து சம்சாரத்துக்கு குரல் குடுத்தாரு. "இந்தா, ஜல்தி வா! வாத்தியத்த தெய்வமா வெச்சிருக்கிற வீட்டப் பாரு! கெழம தவறாம!"

நான் தலைய குனிஞ்சிக்கினேன். அடக்கம்னு நெனச்சிக்கினாரு.

அந்தம்மா வந்து பெல்ல வாங்கி மோந்து பாத்தாங்க. ஒரு வாட்டி. அப்புறம் இன்னொரு வாட்டி. அப்புறம் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. பெல்ல மாஸ்டர் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்களும் வடை சுடுறவங்கதானே.

"வெடிச்ச உடம்பு வேணாம்மா"ன்னாரு மாஸ்டர். "என் கிளாரினெட்டுல பெல்லுதான் ஒடஞ்சு கெடக்கு. இத மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கறேன்."

நாப்பதாயிரத்துல மீதி எங்க போச்சு? அது பரண்லயே போச்சு. குடுத்துட்டேன்.

வெளிய வந்து மல்லிகா அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, ஆயிரத்து இருநூறுதான் இருக்குது."

"அந்த காசுக்கு மெஷின் மேல போடுற கவர் வேணா தரேன்டி"ன்னாங்க.

சாயங்காலம் மெஷின் எங்க வாசல் வழியாத்தான் போச்சு, வேற ஆளு வண்டியில. நான் கல்லுல துணி தொவச்சிக்கினு இருந்தேன். கீரைய கடையிலேயே விட்டுட்டு வந்தது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

வீட்டுக்காரர் ஆட்டோவ நிறுத்திட்டு வந்தாரு.

"வித்துட்டியா?"

"புனல மட்டும்."

உள்ள எட்டி, அடுப்பு பக்கத்துல வெறும் ஆணியப் பாத்தாரு. "நாளைக்கு வெள்ளிக்கெழம. வடை எண்ணெய எதுல ஊத்துவ?"

மறுநாளும் எனக்கு ஒரே ஒரு வேலைதான். புனல் என்ன விலைன்னு கேட்டுக்கினு வந்தேன்.