பம்பு நானா ஓட்டிய பந்தி

கண்டியைச் சுற்றி பம்பு நானா கழற்றிப் பார்க்காத பம்பு ஒன்றுதான். அது அவர் நெஞ்சுக்குள் இருப்பது. அதற்கு டாக்டர் சம்மதிக்கவில்லை என்ற குறை அவருக்கு இன்றும் உண்டு.

கலகெதரவில் நான் வேலை செய்யும் தேங்காயெண்ணெய் மில்லுக்கு அவர்தான் மெக்கானிக். அங்கே எண்ணெயைத் தள்ளுவது ரோட்டரி பம்பு. உள்ளே இரண்டு பல்சக்கரம், ஒன்றையொன்று கடித்தபடி சுற்றும். அந்த விளக்கத்துக்குத் தப்பியவர் ஊரில் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டரின் விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"எண்ணெய் நடுவால போறல்ல தம்பி. பல்லு இடுக்குல உக்காந்து சுவர் ஓரமா சுத்தி வருது. அங்கால ரெண்டு பல்லும் கடிக்கிற நேரம் அதுக்கு இடமில்ல. வெளிய போகத்தான் வேணும்."

"கைய உடுங்க நானா, டிக்கட் குடுக்கணும்."

விடுவதற்குள் பாதி பஸ் டிக்கட் இல்லாமல் இறங்கிவிட்டது.

என் மகளின் கல்யாணம் வந்தது. தெல்தெனியவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். மூன்று பஸ் வந்தது. மழையும் வந்தது. சோறு தாராளம். இடம்தான் இல்லை. ஒரே சஹன் தட்டில் சேர்ந்து தின்னச் சுற்றி ஆறு பேர். பத்து சஹனுக்கு மேல் மண்டபம் தாங்காது. வாசலில் ஒரே நெரிசல். இவர்கள் பசியோடு திரும்பினால் என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்?

பம்பு நானா கதிரை மேல் ஏறினார்.

"ஆறாறு பேரா வாங்க. சுவர் ஓரமா போங்க. நடுவால ஒருத்தரும் வரப்படாது."

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தின்றார்கள், பின்வாசலால் போனார்கள். எண்ணெய்கூட அவ்வளவு அழகாக ஓடியதில்லை.

பிறகு மாப்பிள்ளையின் பெரிய மாமா பின்வாசலை அடைத்து நின்று யாருக்கோ கதை சொல்லத் தொடங்கினார். முன்வாசலில் ஆள் வந்துகொண்டே இருந்தது.

"வெளிவழிய அடச்சா ரோட்டரி பம்பு நிக்காது, வெடிக்கும்," என்று நானா பாய்ந்து போய்க் குசினிக் கதவைத் திறந்தார். "இதான் ரிலீஃப் வால்வு."

கூட்டம் மாமாவையும் சேர்த்துக்கொண்டு குசினிக்குள் போனது. மறுபக்கம் வெளியே வந்தபோது மாமாவின் கையில் ஒரு அகப்பை. கதை அப்போதும் முடியவில்லை.

பெண்கள் பக்கம் பம்பு இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதை நானாவிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று பஸ்ஸும் வயிறு நிறைந்து போனது. நானா என்னைப் பிடித்துக் கடைசிச் சஹனில் உட்கார வைத்தார். நாங்கள் இருவர்தான்.

"காலையிலேருந்து ஒண்டும் தின்னல்லயே."

"பசிக்கல்ல நானா."

"காஞ்சு ஓடினா பல்லு தேஞ்சு போகும். தின்னுங்க தம்பி."

நான் குனிந்து தின்றேன். அவர் பக்கத்துக் கோழித் துண்டுகள், ஒவ்வொன்றாக, தட்டின் ஓரமாகவே சுற்றி, என் பக்கம் வந்துகொண்டிருந்தன.