கையளவு பம்ப்புக்கு ஆறு மணி நேரக் கூலி

அன்புள்ள மூத்த மகனுக்கு,

உன்னைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், காரைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். போனில் நீ இருமியது கேட்டது, அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

முதலில் அன்று ஒர்க்‌ஷாப்பில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நான், உன் தங்கை, நம் மாப்பிள்ளை ஆமாஞ்சாமி (யார் எதைச் சொன்னாலும் ஆமா என்பதால் நான் வைத்த பேர், அவரிடமே சொன்னேன், அதற்கும் ஆமா என்றார்), வெள்ளைப் புருவ மெக்கானிக், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பில் போடும் அவர் மனைவி, ஸ்கூட்டருக்காகக் காத்திருந்த தபால்காரர். ஆக ஆறு பேர். தபால்காரர் பாதியில் எழுந்து போனார், ஆனால் முக்கியமானதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

போன புதன்கிழமை உன் பெரியம்மாவைப் பார்க்க மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும்போதுதான் காரின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, முன்பக்கமிருந்து ஆவி வந்தது. பஸ் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும், என் முழங்காலும் அங்கேயே நின்றுவிடும், கார் இல்லையென்றால் அவளைப் பார்க்க வழியில்லை. எங்கள் அம்மாவின் தையல் மெஷினை என்னைக் கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்தவளோடு எனக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லைதான். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் நேரில் போய் உட்கார வேண்டுமே. ஒரு புதன்கூட நான் தவறவிட்டதில்லை. அதனால்தான் நீ மறுநாள் வியாழக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்குப் போன் செய்து, நான் சாப்பிட்ட கையோடு நின்றுகொண்டிருக்கும்போது, "ரேட்டு நியாயமா இருந்தா பணம் அனுப்புறேம்மா, இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவோம், நீயே பார்த்து முடிவு பண்ணு, உன் முடிவுதான் கடைசி" என்று சொன்னதை அப்படியே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வெள்ளைப் புருவம் காகிதத்தில் எழுதிக் கொடுத்த தொகை, இந்தக் காரை இன்று விற்றால் கிடைப்பதில் பாதி. வாட்டர் பம்ப் கசிகிறதாம், அதோடு உள்ளே ஒரு பெல்ட்டையும் மாற்ற வேண்டுமாம். பொருளுக்குக் கொஞ்சம்தான், கூலிதான் அதைப்போல் இரண்டு மடங்கு. நான் மூன்றாவது வரைதான் படித்தேன், ஆனால் எண்களைப் பார்த்து நான் ஏமாந்ததில்லை. "கையளவு பம்ப்புக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்டேன். உன் தங்கை, "அம்மா, கொஞ்சம் மெதுவாக் கேளேன், தெருவுக்கே கேக்குது" என்றாள். மாப்பிள்ளை, "ஆமா" என்றார், யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மெக்கானிக் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, டார்ச்சை என்னிடம் கொடுத்து, "பம்ப் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார். நான் குனிந்தேன், இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். "ஒண்ணும் தெரியலையே" என்றேன். "எனக்கும் தெரியாதும்மா. கண்ணுல படுறதுக்கே மூணு மணி நேரம் கழட்டணும். அப்புறம் மூணு மணி நேரம் பூட்டணும். நடுவுல பம்ப் மாத்துறது பத்து நிமிஷம்" என்றார். தபால்காரர் சிரித்துவிட்டு எழுந்து போனது அப்போதுதான்.

நான் சிரிக்கவில்லை. நான் கேட்ட கேள்வியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மனதைக் குடைந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த வெள்ளிக்கிழமை, நான் தைத்துக்கொண்டிருந்த கடைக்கு நீதிபதி வீட்டு அம்மாள் காப்பிக் கலர் கோட்டோடு வந்தாள். ஜிப் போய்விட்டது. கோட்டுக்கு ஜிப் வைப்பதென்றால் உள்துணியைப் பிரிக்க வேண்டும், காலரைப் பிரிக்க வேண்டும், பழைய நூலை ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும், பிறகு பிரித்த சுவடே தெரியாமல் திரும்பத் தைக்க வேண்டும். ஜிப் தைப்பது கால் மணி நேரம், மிச்சமெல்லாம் பிரிப்பதும் சேர்ப்பதும்தான். அவள் கோட்டைப் போட்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஒரு ஜிப்புக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்டு, பாதியை மேஜைமேல் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் உனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காசுக்குக் கிடைத்தது ஒரு சைஸ் சின்னது. அந்த வருஷம் முழுக்க நீ நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். அவளை நான் இன்று வரை மன்னிக்கவில்லை, அவளுடைய வாக்கியத்தை நானே பேசுவேன் என்றும் நினைக்கவில்லை.

அதற்காக உடனே தலையாட்டிவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் இருக்கிறான், எப்போதும் சிரிப்பு. வண்டியைத் திறந்தும் பாராமல் பாதி விலை சொன்னான். "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்றேன். "அரை மணி நேரம், நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க பாட்டிம்மா." "எதையெல்லாம் கழட்டுவே?" "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தான். பிரிக்காமல் தைக்கிறேன் என்கிறவனிடம் துணியைக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? இவன் மேலே ஏதோ பசையை ஊற்றிக் கசிவை அடைத்துவிட்டு அனுப்புவான், அடுத்த புதன் நான் மேட்டில் நிற்பேன். பிறகு உன் தங்கையை விட்டு, பாகங்கள் விற்கும் கடைக்குப் போன் போட்டுப் பம்ப் விலையும் பெல்ட் விலையும் கேட்கச் சொன்னேன், வெள்ளைப் புருவம் எழுதியதே வந்தது. கம்பெனி சர்வீஸில் எத்தனை மணி நேரம் கணக்கு வைப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன், ஏழு என்றார்கள். விலை அதிகமா என்று மட்டும் கேட்டால் எந்த விலையும் அதிகம்தான். எதற்கு இந்த விலை என்று கேட்டால் ஒருவர் டார்ச்சைக் கையில் கொடுக்கிறார், இன்னொருவன் டீ குடிக்கச் சொல்கிறான். என் முடிவை அப்போதே எடுத்துவிட்டேன், உன் தங்கையை விட்டுத் தொகையையும் உனக்குச் சொல்லச் சொன்னேன், நீயும் பணம் அனுப்பிவிட்டாய்.

இன்று வேலை நடந்தது. ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். "பக்கத்துல இருந்தா கிரீஸ் தெறிக்கும்மா" என்றார். "தெறிக்கட்டும், பழைய புடவைதான்" என்றேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எது எந்த இடத்தது என்று தெரிகிறமாதிரி வரிசையாகத் தட்டில் வைத்தார். நானும் பொத்தான்களை அப்படித்தான் வைப்பேன். ஆறு மணி நாற்பது நிமிஷம் ஆனது. பில்லில் ஆறு மணி நேரம்தான் போட்டார். நாற்பது நிமிஷத்தை விட்டுவிட்டார், நானும் எத்தனையோ பேருக்கு விட்டிருக்கிறேன். ஆகவே மகனே, ரேட்டு நியாயம். நீ அனுப்பிய பணத்தை மாப்பிள்ளை நாளைக் காலை முழுசாகக் கட்டிவிடுவார், ஒரு காசு குறைத்துக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆமா என்றார்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், வேலையில் உயர்ந்து, நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். இருமலுக்கு வெந்நீர் குடி.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: காலையில் உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை பணம் கட்டிவிட்டுத் திரும்பினார், கையில் மிச்சக் காசோடு. "குறைச்சுக் கேட்டேன் அத்தை, உடனே குறைச்சுட்டாரு" என்று ஒரே சிரிப்பு. கேட்டதும் குறைத்தார் என்றால் முதலில் சொன்னது என்ன விலை என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. அப்புறம், கேட்டதும் நானும்தானே குறைத்தேன், என் விலை பொய்யா என்று தோன்றியது. "உங்களுக்குத்தான் குறைச்சுக் கேக்கத் தெரியாதே மாப்பிள்ளை, யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றேன். "மச்சான்தான் நேத்து போன்ல சொன்னாரு. அத்தைகிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னாரு." "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" "ஆமான்னேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு நானே போய் மிச்சக் காசைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "இது எதுக்கும்மா?" என்றார் மெக்கானிக். "ஜிப்புக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

மேலே எழுதிய ஆசீர்வாதத்தில் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உள்ளது இருக்கட்டும், மற்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது. புதன்கிழமை மேட்டில் உன் பெரியம்மா எதிரே இருப்பேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் காரிலேயே உன் வீட்டுக்கு வருவேன். எதிரே உட்காருவேன், போட்டதைச் சாப்பிடுவேன், பேச மாட்டேன். இனி ஒவ்வொரு மாதமும் வருவேன். சிரிப்புக்காரனை விட்டுவிட்டேன். கோட்டுக்காரியைக்கூட விட்டாலும் விடுவேன், அவளுக்கு ஷூ விஷயம் தெரியாது. நான் மன்னிக்கப் போவதில்லை என்று வைத்திருப்பது ஒரே ஒருவனைத்தான்: அந்த ஷூவைப் போட்டு நடந்த என் மூத்த மகனை.