உண்ணிக் காய்ச்சலும் உள்ளே போட்ட பெஞ்சும்

நான் சாகக் கிடந்ததற்குக் காரணம் திண்டிவனத்தில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான். மருந்தில் தப்பில்லை. பெஞ்சில் தப்பு.

அவர் கிளினிக்கில் அடுத்த ஆட்கள் வெளியே காத்திருக்க மாட்டார்கள். நேரம் மிச்சமாகும் என்று அவர் அறைக்குள்ளேயே சுவரோரம் பெஞ்சு போட்டு உட்கார வைத்துவிடுவார். முன்னால் போனவரின் வாயு, மூலம், மலச்சிக்கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நகர்ந்து வரலாம். (சீரியல் தோற்றுவிடும்.)

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்து ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும், எனக்குக் காய்ச்சல் பிடித்தது. மண்டை பிளக்கும் வலி. மாத்திரைக்கு இறங்கும், உடனே ஏறும். மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. எனக்கு அந்தப் பயம் வேறு.

என் முறை வந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உரக்கக் கேட்டார். "உடம்புல எங்கியாச்சும் கறுப்பா, தீஞ்ச மாதிரி புண்ணு இருக்காம்மா? அக்குள், இடுப்பு, தொடை?"

இருந்தது. இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், பீடியால் சுட்டது போல. வலியில்லை, அரிப்பில்லை. நாடா இறுக்கி இறுக்கி எங்கள் எல்லோர் இடுப்பும் கறுத்துத்தான் கிடக்கும். அதைப் போய்ப் புண் என்பார்களா?

சந்தேகமாவது கேட்டிருக்கலாம். ஆனால் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர். இருமலுக்கு வந்திருந்தார். 'தொடை' என்றதும் மனிதர் மின்விசிறியையே பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா கழுத்தை நீட்டியது. "இருந்தா காட்டும்மா. நாங்க இன்னா வேத்து ஆளா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேங்க சார்."

சாதாரண வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலையில் என்னால் மூச்சு விட முடியவில்லை. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடி இப்பிடி மூச்சு வாங்குற? ஏந்துரு, ஜல்தி!"

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் காரில் நான் உயில் சொன்னேன். "நான் போய்ட்டா கல்யாணத்த தள்ளிப் போடாதீங்க. பத்திரிகை அடிச்சாச்சு. என் பச்சைப் பட்டுப் பொடவைய உங்க தங்கச்சிக்குக் குடுத்துடாதீங்க."

"வாய மூடிக்கினு வாடி" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

அங்கே ஒரு டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பினார். திரையை இழுத்துவிட்டார். நாடாவை விலக்கினார். "இது எப்போலேருந்து இருக்கு?"

"அது நாடா காய்ப்புங்கம்மா."

"உண்ணிக் காய்ச்சல்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, புல்லு புதர்ல இருக்கும். துணி இறுக்குற எடத்துலதான் பாத்து கடிக்கும். நுரையீரல் வரைக்கும் போயிடுச்சி."

"பொழைப்பேங்களா?"

"முன்னாடியே காட்டியிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு! ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் மருந்தை ஏற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்ப்பேனா என்று கூரையைப் பார்த்துக் கிடந்தேன். மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியபோதுதான் டாக்டரம்மா சிரித்தார்.

கல்யாணத்தில் எலும்புக்கூட்டுக்குப் பட்டுப் புடவை சுற்றியது போல நின்றேன். இன்று எங்கள் இரண்டு வீட்டிலும் யார் தும்மினாலும் சம்பந்தி, அந்த டாக்டர் குரலில், "நல்லா பாத்தியா?" என்பார். "பாத்துட்டேங்க சார்!" என்று பிள்ளைகள் கோரஸ் பாடும்.

சிரிக்கட்டும். போன வாரம் அந்தக் கிளினிக்கை எட்டிப் பார்த்தேன். பெஞ்சு உள்ளேயேதான் கிடக்கிறது. காய்ச்சலில் முகம் சிவந்த ஒரு கல்லூரிப் பெண் அதில் நகர்ந்து வந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் சார், சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு ஒரு திரை மாட்டத் தெரியாதா? என்னை அத்தனை பேர் காதில் விழக் கேட்டீர்கள். நீங்களும் அத்தனை பேர் காதில் விழப் பதில் சொல்லுங்கள்.